கதக்காட்டுல கடசி மரம்

...அதான் சொல்றேன் அண்ணாத்தே, ஆலமரத்த உள்ளயே வுட்டிருக்க கூடாது! வர்றது ஒரு ஆளு. குந்தறது எத்தினி எடத்துல? இந்த விழுதுக்கு ஒரு எடம், அந்த விழுதுக்கு ஒரு எடம், அப்பால தோ அந்த மூலைல ஒண்ணு, யார்து இதுன்னு கேட்டா ஒரே சலசலப்பு. அல்லாமே நான்தான்னு அர்த்தமாம். அட, அல்லாமே நீன்னா, அல்லாத்தையும் சுருட்டி மடில வெச்சிகினு குந்தேன்! கல்யாண பந்தில கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கிற கணக்கா... ச்சை. பின்னாடி வந்த வாதாமரம் கடசி வரைக்கும் நின்னுகினே கத கேட்டுச்சி. பாவம், அதுவே காய் புடிச்ச நேரம்.

நீ குந்து அண்ணாத்தே. இன்னாத்துக்கு வேர பாதி தூக்கிகினே நிக்கிற? கடசி பஸ்ஸு பூடப்போவுதுன்னு நிக்கிறவன் மாதிரி! நல்லா ஊனி குந்து. மண்ணு மெத்து மெத்துனு கீது பாரு. காலைல தான் கள்ளிக்குப்பத்துலருந்து கொடம் கொடமா தண்ணி தூக்கியாந்து ஊத்தி, குழி கொத்தி வெச்சேன். உனுக்கோசரம் தான். நீ வருவேன்னு எனுக்கு தெரியாது, அது வேற. யார்னா வருவாங்கன்னு தெரியும்.

எங்கருந்து வர்ற, குத்தம்பாக்கம் ரோட்டுலருந்தா? அதான பாத்தேன், ரோட்டோர புளியமரத்துக்குன்னு ஒரு மூஞ்சி கீது, மறைக்க முடியாது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டம் தாங்கலயா? கரெக்ட்டு. ஆனா இம்மாம் பெரிய ஒடம்ப வெச்சிகினு மேனாம்பேடு சந்துல எப்டி பூந்து வந்த நீ? தோ... கொம்புல இன்னாமோ தொங்குதே. இரு, ஆடாத. கேபிள் ஒயரு! யார் ஊட்டு ஒயரோ... இந்நேரம் எந்த பொம்பளயோ சீரியல் நின்னு போச்சின்னு வூட்டுக்காரன போட்டு மொத்திகினு இருப்பா. போ, அவன் தலையெயுத்து.

நான் துலுக்கானம். கதக்காட்டு துலுக்கானம்னு கேட்டு பாரு, கள்ளிக்குப்பத்துல கைக்கொயந்த கூட சொல்லும். இன்னா சொல்லும்றது வேற விசயம்.

இங்க இன்னா வழக்கம்னா... நீ புச்சாச்சே, சொல்லிடுறேன். மதியானம் சோத்த துன்னுட்டு ஜனம் அல்லாம் கவுந்துடுதா, அந்த நேரம் பாத்து அம்பத்தூரு, ஆவடி, பூந்தமல்லி, எந்த ரோட்டுல எந்த மரம் நின்னாலும் சரி, வேர புடுங்கிகினு இங்க வந்துரும். வந்து குந்தும். கத கேக்கும். வெயில் தாழ்ந்தா அதது எடத்துக்கு போயி ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுகினு இருக்கும். காலங்காலமா நடக்குது. சிக்னல்ல போலீஸ்காரு கூட கைய நீட்டி வண்டிய நிறுத்திட்டு, "ஏ ஷேர் ஆட்டோ, உன்னதாண்டா... மொதல்ல மரம் போவட்டும்!" அப்டின்னுவாரு. கொரலு வந்துச்சா? அச்சு அசல் அவருதான? தொண்டைல பாதி வெத்தலபாக்கு போட்டுகினு பேசுவாரு. எனுக்கு ஒரு தபா கேட்டா போதும் அண்ணாத்தே, காதுல வாங்கி வாய்ல வுட்ருவேன்.

இன்னா சுத்தி சுத்தி பாக்குற?

மத்தவங்களா? வருவாங்க, வருவாங்க. இன்னிக்கி ரவ லேட்டு.

சரி, அப்டி பாக்காத. உன்கிட்ட இன்னா மறைக்கிறது... வர மாட்டாங்க. போன வாரத்துலருந்து ஒருத்தரும் வர்றதில்ல. நல்லது தான்னு வெச்சிக்கோ. அதுங்கள கட்டி மேய்க்கிறது லேசா? ஆவடி மிலிட்டரி குவார்ட்டர்ஸ் மரத்துங்க கீதே, பாத்துகிறியா? இடுப்புல செவப்பு, வெள்ள பட்ட அடிச்சிகினு, லெப்ட்டு ரைட்டு போட்டு லைனா வரும். லைனா குந்தும். சிரிக்கிற எடத்துல கூட லைனா தான் சிரிக்கும். மொத மரம் சிரிச்சி, ரெண்டாவது சிரிச்சி, அப்டியே கடசி மரத்துக்கு சிரிப்பு போய் சேர்றதுக்குள்ள நான் இங்க ராசாவ சாவடிச்சிருப்பேன். எழவு நடக்கும்போது பின்னாலருந்து ஒண்ணு கெக்கேபிக்கேன்னுது! எப்டி இருக்கும் எனுக்கு?

அப்பால பனமரம். ஒய்ங்கா கடசில போய் நில்லுப்பான்னா கேக்காது. நட்ட நடுவுல நின்னுகினு அல்லாருக்கும் மறைக்கும். கத அதும் காதுக்கு போய் சேரணுமே, நான் இங்கருந்து அண்ணாந்துகினு கத்தி கத்தி பொடனியே புடிச்சிகிச்சி. கோயில் வாசல் வேப்பமரம் வேற... மஞ்ச துணிய சுத்திகினு வந்து மொத வரிசைல தான் குந்துவேன்னு நிக்கும். கத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு எலுமிச்சம்பயம் காட்டணும். சீமக்கருவேலம், அத்த கேக்கவே வோணா. ஒண்ணு வந்துச்சேன்னு எடம் குடுத்தா, ஒரு கத முடியறதுக்குள்ள அதும் புள்ள, அதும் பேரன், அதும் பேரன் புள்ளன்னு காடு முழுக்க சொந்தக்காரனுங்க. எல்லாத்துக்கும் கால்ல முள்ளு!

இதுங்க அல்லாம் போனதுக்கு நானா பொறுப்பு? நீயே சொல்லு.

சொல்ல மாட்ட. அதான் மரத்துங்க கைல எனுக்கு புடிச்சதே. நடுவுல பேசாது.

ஆனா அண்ணாத்தே... இன்னிக்கி நீ வந்தியே, மெய்யாலுமே தெய்வம் மாதிரி வந்த. இன்னாத்துக்கு சொல்றேன் கேளு. சாயங்காலம் டீ நேரத்துக்கு உலகநாதன் சாரு வராரு. காலி எடம் அல்லாத்தையும் பாத்து இது இதுக்கு, அது அதுக்குன்னு எயுதுற ஆபீசரு. போன வாரமே வந்து நின்னாரு. பேசறதே மூக்கால தான். "இன்ன்ன்னா துலுக்க்கானம்... காடுங்க்குற... ம்ம்மரம் எங்கய்யா? ம்ம்மரம் இல்லாம இன்னா காடு?" சார் சார், இன்னிக்கி அல்லாரும் ஒரு விசேசத்துக்கு போயிகிறாங்க சார்னேன். "அப்ப்டியா... சரி. நான் திரும்பி வர்றப்போ ஒர்ர்ரே ஒரு மரம் குந்தி கத கேட்டுகினு இருந்தா போதும். கதக்காடுன்னு எயுதிடுறேன். ஒண்ணும் இல்லையா, வெத்து கிரவுண்டு. வண்டி நிறுத்துற எடம் ஆக்கிடுவோம்." சொல்லிட்டு மூக்க சிந்திகினே பூட்டாரு.

எத்தினி சிந்தினாலும் அதே மூக்கு தான், ஒண்ணும் கொறையல.

ஒரே ஒரு மரம்! அதுக்கு தான் நாலு நாளா நாயா பேயா அலைஞ்சேன். ஒரு முருங்க கூட திரும்பி பாக்கல. ஒரு ஊட்டு தொட்டில நின்ன செம்பருத்திய கெஞ்சி பாத்தேன், அது கதவ சாத்திகிச்சி. அப்போ தான் நீ வந்து நின்ன. நீ ஒண்ணும் பண்ண வோணா. சும்மா குந்திரு. அவுரு வந்து ஒரு பார்வ பாத்துட்டு போற வரைக்கும். அப்பால உனுக்கு இஷ்டம்னா இரு, இல்லையா, நானே உன்ன ரோடு வரைக்கும் கொண்டாந்து வுடுறேன்.

சிரிக்காத. உனுக்கு பாக்க எல்லாம் தமாசா தெரியும். எனுக்கு இந்த எடம் பூட்ச்சின்னா நான் எங்க போயி பேசுவேன்?

இல்ல, நெசமா கேக்குறேன். அம்பத்தூரு எஸ்டேட்டுல பிரஸ் மிஷின் ஓட்டினேன் நான். தகரத்த வெச்சி, மிதிச்சி, டமால். வெச்சி, மிதிச்சி, டமால். நாள் பூரா பேசிகினே தான் இருப்பேன், கத கதயா. ஒரு வார்த்த ஒருத்தன் காதுலயும் வுழாது. பக்கத்து மிஷின்காரன் கோபி, எத்தினியோ வருசம் ஒண்ணா நின்னோம், நான் ஊமன்னே நெனச்சிகினு இருந்தான். கையால ஜாடை காட்டுவான் எங்கிட்ட! ஊட்டுக்கு போனா வேம்புலி. என் பொண்டாட்டி, வேம்புலியம்மா. நல்லவ தான். ஆனா நான் "ஏய், இன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா"ன்னு வாய தொறந்தா போதும், மிக்ஸிய போட்ருவா. அரைக்க ஒண்ணும் இருக்காது உள்ள. வெறும் மிக்ஸி! க்க்ர்ர்ர்ருனு அது ஓடும். நான் வாய மூடினா அவ சுச்சிய நிறுத்துவா. தொறந்தா திரும்பி போடுவா. அந்த மிக்ஸி சத்தத்த கூட நான் கத்துகினேன், கேக்குறியா? வோணாமா? சரி.

இங்க வந்து மொத மொத ஒரு கத சொன்னேன். முடிச்சப்போ ஒரு பூவரசு, வயசான பூவரசு, மெதுவா குனிஞ்சி ஒரே ஒரு எலய என் மடில போட்டுச்சி. நல்லா கீதுன்னா அப்டி தான் போடுவாங்க மரத்துங்க. அந்த எலய சட்ட பாக்கெட்லயே வெச்சிகினு இருந்தேன். வேம்புலி சட்டையோட தோச்சி காயப்போட்டுட்டா. இப்போ அந்த பாக்கெட்டுல ரவ பச்ச கறை மட்டும் கீது. தோ பாரு. இங்க. தெரியிதா?

ம்... வுடு. கதைக்கு வருவோம். கத கேக்க தான வந்த, நான் பாட்டுக்கு ஊட்டு கதய பேசிகினு கீறேன்.

ஒரு ஊர்ல ஒரு ராசா. ராசாவுக்கு இம்மாம் பெரிய மீச. ஒரு நாளு காலைல எந்திரிச்சி கண்ணாடிய பாக்குறான், மீசய காணோம்! தேடுறான் தேடுறான், கட்லுக்கு கீய இல்ல, ராணி கொண்டைல இல்ல. கடசில பாத்தா, ராசா ஊட்ல மரியாத இல்லன்னுட்டு மீச கோச்சிகினு போயி, பூந்தமல்லி பஸ்ஸுல ஏறிகிச்சி. கண்டக்டரு கேக்குறாரு, "மீச, எங்க போற?" மீச சொல்து, "மூக்கு இருக்குற எடமா பாத்து எறக்கி வுடு"... ஹிஹி, எலய ஆட்டுற பாரு! புடிச்சிகிச்சா? இதுக்கு நடுவுல ரயில் சத்தம், பஸ்ஸு சத்தம், ராசா கொறட்ட சத்தம் அல்லாம் போடுவேன். மரத்துங்க உசுர வுடும் என் சத்தத்துக்கு. லாரி ரிவர்ஸ் வர்ற சத்தம் போட்டா குவார்ட்டர்ஸ் மரங்க அல்லாம் லைனா பின்னால நகரும்!

இன்னா... இன்னாத்துக்கு கீய குனிஞ்சி பாக்குற? கத நடந்துகினு கீது, தரைய பாத்தா இன்னா அர்த்தம்?

அதுவா. அது தடம். மரத்துங்க வேர் தடம், வேற இன்னா.

ஆமா, அல்லாம் ஒரே பக்கமா தான் போவுது.

ஆமா, ரவ ஆழமா தான் கீது. நடந்து போனா அப்டி பதியாது தான். ஓடித்தான் போயிகிறாங்க. ஓடக்கூடாதா? ஒடம்புக்கு நல்லது.

அட, ஏன் வேர தூக்குற? குந்து, குந்து. சொல்லிடுறேன், சொல்லிடுறேன். அந்த தூங்குமூஞ்சி மரத்தால வந்த வெனை அண்ணாத்தே! ராசா மீசய தேடிகினு கொட்ற மயைல நிக்கிறான். முக்கியமான எடம். காடே மூச்சு வுடாம கேக்குது. பாத்தா, மொத வரிசைல தூங்குமூஞ்சி எலய மடக்கிகினு தூங்குது! எனுக்கு சுர்ருனு ஏறிச்சி. பேரே தூங்குமூஞ்சி, அது தூங்காம இன்னா பண்ணும்னு நீ கேப்ப. இப்போ எனுக்கும் தெரியிது. அப்போ தெரில. ராத்திரி பூரா யோசிச்சி வெச்ச கத! எலய தட்டி எய்ப்பிருக்கலாம். ஒரு செம்பு தண்ணிய ஊத்திருக்கலாம். என் புத்தி எங்க போச்சி... இத்த ஒரே சத்தத்துல அலற அலற எய்ப்புறேன் பாருன்னு...

ஒரு சத்தம் போட்டேன்.

இன்னா சத்தம்னா... அது... கைல புடிச்சிப்பாங்க பாரு. கயித்த ஒரு இழு இழுத்தா, பல்லு பல்லா சங்கிலி சுத்தும். ரோட்ட அகலம் பண்ண வர்றவங்க தோள்ல மாட்டிகினு வருவாங்களே... பேர சொல்ல மாட்டேன், உன் முன்னாடி சொல்றது மரியாத இல்ல.

போட்டது தான் தாமதம்! காடே எடுத்துச்சி பாரு ஓட்டம்! ஆலமரம் அல்லா விழுதையும் பாவாட மாதிரி தூக்கி புடிச்சிகினு ஓடுது. வேப்பமரம் மஞ்ச துணி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பனமரம் ரயில்வே கேட்டுல தலய இடிச்சிகினு, அப்டியும் நிக்கல. தென்னமரம் ஒண்ணு ஓடற லாரில தாவி ஏறி படுத்துகிச்சி. குவார்ட்டர்ஸ் மரத்துங்க... சொன்னா நம்ப மாட்ட... அப்பவும் லைனா தான் ஓடிச்சிங்க. ரோடெல்லாம் வண்டி நின்னு போச்சி. அந்த தூங்குமூஞ்சி கீதே, அல்லாத்துக்கும் காரணம், அது முழிச்சிச்சான்ற? இல்ல! ரெண்டு பூவரசு அத்த தோள்ல தூக்கிகினு ஓடுது, அது அப்பவும் நல்ல தூக்கம்!

அப்டி போனவங்க தான். ஆனா யோசிச்சி பாரு, இதுல பயப்பட இன்னா கீது? வெறும் வாய் சத்தம்! அங்க மிஷினா இருந்திச்சி? சங்கிலியா இருந்திச்சி? இந்த வாயி, தோ இந்த நாக்கு, அவ்ளோ தான். இது தெரியாம காட்டயே காலி பண்ணிகினு பூட்ச்சிங்க, படிக்காத மரங்க. நீ அப்டி இல்ல. நீ ரோட்டோரமா நின்னு ஒலகத்த பாத்தவரு.

இன்னா, நடுங்குற? குளிருதா, வெயில்லயா? ஓ... நம்ப மாட்ட. வாய் சத்தம்னு நம்ப மாட்ட. இரு, உன் கண்ணு முன்னாடியே போட்டு காட்டுறேன். நீயே பாத்துக்கோ, கைல ஒண்ணும் இல்ல, ரெண்டு கையும் விரிச்சி வெச்சிகினு போடுறேன். பாத்துட்டீன்னா பயம் தெளிஞ்சிடும். அப்பால நாம நிம்மதியா கத கேக்கலாம். கண்ண மூடிகினா தான் சத்தம் சுத்தமா வரும் எனுக்கு. தோ...

ர்ர்ரூம்... ர்ர்ரூம்... ர்ரூம்ம்ம்... க்க்ர்ர்ர்ர்ரீஈஈஈஈங்ங்ங்ங்! க்ர்ர்ர்ரீஈஈஈ... க்ர்ர்ரீஈஈஈஈஈங்ங்ங்ங்!

ஹா! எப்டி? கம்பெனி சரக்கு மாதிரி இல்ல? சொல்லு அண்ணாத்தே, வாய் தான...

அண்ணாத்தே?

யோவ், அண்ணாத்தே! இன்னாயா இது, இம்மாம் பெரிய ஒடம்பு, எப்பயா போன? குழி மட்டும் கீது! ஏ குத்தம்பாக்கம்! திரும்பி வாயா! சத்தியமா வாய் சத்தம்யா அது, வாய்! ஐயோ, அங்க போவுது பாரு, ஏரிக்கரைய தாண்டிடுச்சே... புளியம்பயத்தெல்லாம் கொட்டிகினு ஓடுதே...

பூட்ச்சி.

அல்லாம் பூட்ச்சி. துலுக்கானம், உன் வாய்ல... ச்சீ.

அய்யய்யோ, அது இன்னா சத்தம்? ஸ்கூட்டரு. மூக்கு சிந்துற சத்தம். வந்துட்டாரு! இப்போ இன்னா பண்றது, எங்க போறது, ஒரு மரத்துக்கு எங்க போவேன்... இரு. இரு இரு இரு. உனுக்கு எந்த கொரலு வரல? போலீஸ்காரு வந்தாரு, ராசா வந்தான், மிக்ஸி வந்துச்சி. மரம் வராதா? தோ குழி ரெடியா கீது. எறங்கு. முழங்காலு வரைக்கும் மண்ண தள்ளு. புளிய கொப்பு ரெண்டு வுழுந்து கீது, அத்த எடுத்து தலைல சொருகு. கைய தூக்கு. ரவ கோணலா தூக்கு, நேரா தூக்கினா போலீஸ் புடிச்ச மாதிரி கீது. ம், அப்டி. வெரல விரி. கத சொல்றவன் எங்கன்னு கேட்டா? ஒண்ணுக்கு போயிகிறான்னு நெனச்சிப்பாரு. ஒரு மரம் போதும்னாரு, ஒரு மரம் கீது, அவ்ளோ தான். அசையாத. வாய மூடு. அது தான் முக்கியம், வாய மூடு. எத்தினி பேர மாதிரி பேசிட்ட, ஒரு தபா பேசாம இரு. மூடு. மூடிட்டேன். இப்போ மூடிட்டேன்...

...

...

...

இன்னாது?

இன்னா மரம்ன்ற? முருங்கயா? வாடி போன முருங்கயா?

யோவ் சாரே! கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு? நல்லா கிட்ட வந்து பாரு! தலைல இன்னா கீது, எல! இத்தினூண்டு இத்தினூண்டா, ரெண்டு ரெண்டா! எந்த ஊர்லயா முருங்க இப்டி கைய விரிச்சி நிக்கும்? புளி சாரே, புளி! ரோட்டோரத்து புளி! ஆபீசருன்னு வந்துட்டாரு, முருங்கைக்கும் புளிக்கும் வித்தியாசம் தெரியாம! எம்மாம் கஷ்டப்பட்டு நிக்கிறேன், நீ பாட்டுக்கு வாடி போன முருங்கன்ற! எடுய்யா பேனாவ, எயுது, நல்லா பெருசா எயுது, பு... ளி...

அடச்சே.